பஞ்சாபின் நூறு ரூபாய்ப் பள்ளிகள்: ஏழைகளின் தனியார் கல்வி எதன்மேல் நிற்கிறது?

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் சற்றுப் பெரிய கிராமம் ஒன்றில் ஏழெட்டுப் பள்ளிக்கூடங்கள் இருப்பது வழக்கம். ஆண் பிள்ளைகளுக்கு அரசுத் தொடக்கப்பள்ளி, பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. சில ஊர்களில் அதற்கு மேலும் அரசுப் பள்ளிகள் உண்டு. மீதியெல்லாம் தனியார் பள்ளிகள். அறக்கட்டளையோ மிஷனரியோ பெருநிறுவனமோ அவற்றை நடத்துவதில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் தன் வீட்டின் முன்பகுதியிலோ வாடகைக்கு எடுத்த நான்கு அறைகளிலோ நடத்துகிறார். 2000களின் நடுவில் அங்கே மாதக் கட்டணம் நூறு பாகிஸ்தான் ரூபாயை ஒட்டி இருந்தது. அன்றைய கணக்கில் அது கூலித் தொழிலாளி ஒருவரின் ஒரு நாள் சம்பளம்கூட இல்லை.

இந்தப் பள்ளிகளைப் பற்றி இரண்டு தரப்புகள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கின்றன. அரசு தோற்ற இடத்தில் சந்தை ஜெயித்தது என்கிறது ஒன்று. ஏழையின் பாக்கெட்டில் கைவைக்கும் கல்வி வியாபாரம் என்கிறது மற்றது. பள்ளியின் வரவு செலவைப் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே முக்கியமான ஒன்றைத் தவறவிடுவது தெரியும். இந்தப் பள்ளிகள் நிற்பது, ஒரு தலைமுறைக்கு முன் அரசு கட்டிய பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் மேல்.

1972-இல் பூட்டோ அரசு தனியார் பள்ளிகளை நாட்டுடைமை ஆக்கியது. 1970களின் கடைசியில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டு, தனியார் மீண்டும் பள்ளி திறக்க வழி கிடைத்தது. 1980களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் சில ஆயிரமாக இருந்த தனியார் பள்ளிகள், 2000-இல் எடுத்த கணக்கெடுப்பில் 36,000-ஐத் தாண்டியிருந்தன. முதலில் நகரங்களில் முளைத்தவை 1990களில் கிராமங்களுக்குப் பரவின.

இவற்றைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திருப்பதற்கு 2003-இல் தொடங்கிய லீப்ஸ் (LEAPS) என்ற பஞ்சாப் பள்ளிக் கற்றல் ஆய்வுதான் காரணம். தாஹிர் அந்த்ராபி, ஜிஷ்ணு தாஸ், ஆசிம் இஜாஸ் குவாஜா என்ற பொருளியலாளர்கள் வடக்கே அட்டாக், நடுவே ஃபைசலாபாத், தெற்கே ரஹீம் யார் கான் ஆகிய மூன்று மாவட்டங்களில் 112 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அங்கிருந்த எல்லாப் பள்ளிகளையும், 823 பள்ளிகள், ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உருது, ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் தேர்வு வைத்தார்கள். வீடுகளுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசினார்கள். ஆசிரியர்களுக்கும் தேர்வு வைத்தார்கள்.

ஒரு பள்ளியின் மாதக் கணக்கு

அக்கால விலையில் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 140 பிள்ளைகள், தலைக்கு மாதம் 100 ரூபாய். கையில் 14,000 வரவேண்டும், வராது. அண்ணன் தங்கை சேர்ந்து படித்தால் சலுகை, தகப்பன் இல்லாத பிள்ளைக்கு இலவசம், இரண்டு மாத பாக்கி வைத்திருக்கும் வீடுகள் என்று போக 11,500 வந்தால் நல்ல மாதம். ஆறு ஆசிரியைகளுக்குத் தலா 1,200 வீதம் 7,200. இடத்து வாடகை, மின்சாரம், சாக்பீஸ், தண்ணீர் எல்லாம் சேர்த்து 2,000. மிஞ்சும் 2,300 ரூபாய்தான் உரிமையாளருக்கு. அவரே தலைமையாசிரியர், அவரே கணக்குப்பிள்ளை, பல இடங்களில் அவரே ஐந்தாம் வகுப்புக்கு வாத்தியார்.

இந்தக் கணக்கில் அசைக்கக்கூடிய உருப்படி சம்பளம் ஒன்றுதான். அரசு ஆசிரியரின் சம்பளம் தனியார் பள்ளி ஆசிரியையின் சம்பளத்தைப் போல் நாலைந்து மடங்கு. ஆறு பேருக்கும் அரசுச் சம்பளத்தை, அன்றைக்கு மாதம் 5,500 என்று வைத்துக்கொள்வோம், கொடுத்தால் செலவு 33,000 ஆகிவிடும். பாக்கியும் சலுகையும் இப்போது போலவே இருந்தால் கட்டணம் 325 ரூபாயைத் தொட வேண்டும். அந்த விலையில் கூலி வேலை செய்பவரின் பிள்ளை இந்தப் பள்ளியில் இருக்காது. லீப்ஸ் கணக்கிலும் இதே போக்குதான் தெரிகிறது: ஒரு பிள்ளையை ஓராண்டு படிக்கவைக்கத் தனியார் பள்ளியில் ஏறத்தாழ 1,000 ரூபாய், அரசுப் பள்ளியில் 2,000. பெஞ்சு, கட்டிடம், நிர்வாகம் ஆகியவற்றில் வரும் வித்தியாசம் சிறியது. சம்பள வித்தியாசமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பள்ளி நொடிந்துபோகும் விதமும் இதே கணக்கில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை கோடை விடுமுறை. பாடமே நடக்காத மாதத்துக்கு எதற்கு ஃபீஸ் என்று பெற்றோர் கேட்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வாடகை நிற்காது. விடுமுறையில் ஆசிரியைக்குச் சம்பளத்தை நிறுத்தினால், பள்ளி திறக்கும்போது அவர் திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விவசாய வீடுகளில் காசு அறுவடைக்குப் பிறகுதான் புழங்கும். எனவே பாக்கி ஏறும் மாதங்களும் இறங்கும் மாதங்களும் உண்டு. கையிருப்பு இல்லாத பள்ளிக்கு, பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் பக்கத்துப் பள்ளிக்கு மாறினால் ஓர் ஆசிரியையின் சம்பளம் போய்விடும். அந்த ஆசிரியையை நிறுத்தினால் இரண்டு வகுப்புகள் ஒரே அறைக்கு வரும். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் விலகுவார்கள்.

கட்டிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பஞ்சாபில் இரும்புக் கர்டர் போட்டு, குறுக்கே டி வடிவ இரும்பு வைத்து, மேலே செங்கல் ஓடு பரப்பிய கூரைதான் மலிவு. குடியிருக்கக் கட்டிய வீட்டில் நூற்றைம்பது பிள்ளைகள் உட்காரும்போது ஒற்றை வாசலும் குறுகிய படிக்கட்டும் ஆபத்து. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நெரிசலான ஒரு பள்ளிக் கட்டிடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்ததை அறிந்த தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மலிவான பள்ளிகளில் வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும், வெளியேறும் வழியில் அரசு விட்டுக்கொடுக்கவே கூடாது.

அந்த ஆசிரியைகள் எங்கிருந்து வந்தார்கள்?

1,200 ரூபாய்க்கு வேலைக்கு வருபவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரப் பெண். மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்பு, அல்லது அதற்குமேல் இரண்டு ஆண்டு படித்தவர். இளம் வயது, திருமணம் ஆகாதவர், ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்க மாட்டார். பக்கத்து நகரத்துக்கு அன்றாடம் பஸ் ஏறி வேலைக்குப் போக வீடு அனுமதிக்காது. ஊருக்குள் படித்த பெண்ணுக்குக் கிடைக்கும் கௌரவமான சம்பள வேலை கற்பித்தல் மட்டுமே. அவர் வேறெங்கும் போக முடியாத நிலையே அவருடைய சம்பளத்தை நிர்ணயிக்கிறது.

அப்படியானால் ஊரில் மெட்ரிக் முடித்த பெண்கள் இருக்க வேண்டும். யார் அவர்களைப் படிக்கவைத்தது? இதற்கான விடையைத்தான் லீப்ஸ் குழு தேடிக் கண்டது. ஒரு தலைமுறைக்கு முன் அரசு பெண்கள் உயர்நிலைப் பள்ளி கட்டிய கிராமங்களில் பின்னாளில் தனியார் பள்ளி தோன்றும் வாய்ப்பு, அப்படிக் கட்டாத கிராமங்களைப் போல் குறைந்தது இரு மடங்கு. ஆண்கள் உயர்நிலைப் பள்ளி இருந்த ஊர்களில் இந்த விளைவு தெரியவில்லை. பெண்கள் பள்ளி இருந்த ஊர்களில் மெட்ரிக் படித்த பெண்களின் விகிதம் இரட்டிப்புக்கு மேல் உயர்ந்திருந்தது. தனியார் பள்ளி ஆசிரியைகளின் சம்பளமோ மற்ற ஊர்களைவிடக் கால் பங்குக்கும் அதிகமாகக் குறைந்திருந்தது. படித்த பெண்கள் கூடக்கூடக் கூலி இறங்கியது, கூலி இறங்கியதால் நூறு ரூபாய்ப் பள்ளி சாத்தியமானது.

இதை வெற்றிக் கதையாக மட்டும் படிப்பது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநீதி. ஏழைப் பெற்றோருக்குக் கிடைக்கும் மலிவுக் கல்வியின் உண்மையான மானியத்தை, தன் உழைப்பின் விலையைக் குறைத்துக்கொண்டு, ஆசிரியைதான் கொடுக்கிறார். அவருக்குத் திருமணமானதும் வேறு ஊர். பள்ளிக்கு அடுத்த ஆள் தேடும் படலம். வகுப்பு நடுவே ஆசிரியை மாறுவது இந்தப் பள்ளிகளின் தீராத நோய். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொடக்க வகுப்புகளுக்கு மெட்ரிக் படித்தவர் போதும். ஒன்பதாம் வகுப்பு இயற்பியலை நடத்த அவரால் முடியாது. முடிந்தவருக்கு இந்தச் சம்பளம் போதாது. கிராமத்துத் தனியார் பள்ளிகள் பெரும்பாலும் தொடக்க, நடுநிலை அளவிலேயே நின்றுவிடுவதன் காரணம் இதுதான்.

பிள்ளைகள் கற்கிறார்களா?

மூன்றாம் வகுப்பு முடிவில் தனியார் பள்ளிப் பிள்ளைகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு முன்னே இருந்தார்கள். குடும்ப வசதியையும் பெற்றோர் படிப்பையும் கணக்கில் எடுத்த பிறகும் பெரும் பகுதி இடைவெளி அப்படியே இருந்தது. ஒரே ஊரில் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, இரண்டு வகைப் பள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசம் பெரியது. ஆனால் சராசரிக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருக்கிறது: நல்ல அரசுப் பள்ளிகள் நல்ல தனியார் பள்ளிகளுக்குச் சளைத்தவை அல்ல. மிக மோசமான அரசுப் பள்ளிகள்தான் சராசரியைக் கீழே இழுக்கின்றன. அந்த அளவுக்கு மோசமான தனியார் பள்ளிக்குப் பெற்றோர் காசு கொடுத்து அனுப்ப மாட்டார்கள், அது மூடிவிடும். மோசமான அரசுப் பள்ளி மூடுவதில்லை.

ஆசிரியர் வருகையிலும் இதே கதை. தனியார் பள்ளியில் லீவு எடுத்தால் சம்பளம் குறையும், நன்றாகக் கற்பிப்பவருக்குக் கொஞ்சம் கூடும். அரசுப் பள்ளியில் சம்பளம் பணிமூப்பைப் பொறுத்தது. அதிகம் வராதவரே அதிகம் வாங்கியதாகக் கணக்குகள் காட்டின.

இந்த எண்களை இந்தியாவுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 2008 முதல் 2012 வரை கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 180 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்துத் தனியார் பள்ளிக் கட்டணம் கொடுக்கப்பட்டது. நான்கு ஆண்டுக்குப் பிறகு தெலுங்கிலும் கணக்கிலும் அவர்கள் மற்றவர்களைவிட முந்தவில்லை. இந்தியில் மட்டும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அங்கே அரசுத் தொடக்கப்பள்ளிகளில் இந்தி கற்பிக்கப்படவில்லை. தனியார் பள்ளிகள் தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைந்த நேரம் ஒதுக்கி, மிச்ச நேரத்தை ஆங்கிலம், இந்தி போன்ற பாடங்களுக்குக் கொடுத்தன. குறைந்த நேரத்தில் அதே தெலுங்கையும் கணக்கையும் சொல்லித்தந்ததும், தலைக்கு ஆன செலவு அரசுப் பள்ளியின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்ததும் அவற்றின் சாமர்த்தியம். கற்றலில் பெரும் பாய்ச்சல் நடந்ததாக மட்டும் சொல்ல முடியாது. தெலுங்கு வழியில் படித்துவந்த பிள்ளை திடீரென்று ஆங்கில வழிப் பள்ளிக்கு மாறினால் மற்றப் பாடங்களில் சறுக்குவதற்கான அறிகுறிகளும் தென்பட்டன. ஆங்கிலப் பலகையைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

மதிப்பெண் அட்டை செய்த வேலை

பெற்றோருக்குப் பள்ளியைப் பற்றி என்ன தெரியும்? சீருடை தெரியும், பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவது தெரியும். பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் எவ்வளவு கற்கிறார்கள் என்பது தெரியாது. லீப்ஸ் குழு 112 கிராமங்களில் பாதியில் ஓர் எளிய காரியம் செய்தது. தேர்வு எழுதிய பிள்ளையின் மதிப்பெண், அந்தப் பள்ளியின் சராசரி, ஊரிலுள்ள மற்ற எல்லாப் பள்ளிகளின் சராசரி ஆகியவற்றை அட்டையில் அச்சிட்டு, பெற்றோரைக் கூட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் விளக்கிக் கையில் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டில் அந்த ஊர்களின் சராசரிக் கற்றல் 0.11 திட்ட விலக்கம் உயர்ந்தது. ஒரு பிள்ளை ஓராண்டில் சாதாரணமாகக் கற்றுக்கொள்வதில் நூற்றுக்கு நாற்பது பங்கு என்று இதைப் புரிந்துகொள்ளலாம். தனியார் பள்ளிக் கட்டணம் 17 சதவீதம் இறங்கியது. பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கை 4.5 சதவீதம் கூடியது. பெற்றோர் கூட்டம் கூட்டமாகப் பள்ளி மாற்றியதால் வந்த விளைவல்ல இது. பள்ளிகளே மாறின. மதிப்பெண் குறைந்த தனியார் பள்ளிகள் கற்பித்தலைச் சரிசெய்தன, சில மூடிக்கொண்டன. மதிப்பெண் கூடிய பள்ளிகள் கட்டணத்தைக் குறைத்தன. அரசுப் பள்ளிகளும் கொஞ்சம் முன்னேறின. ஒரு ஊரில் ஏழெட்டுப் பள்ளிகள் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால்தான் இது நடந்தது என்பதை மறக்கக் கூடாது. ஒரே பள்ளி உள்ள ஊரில் அட்டையைக் கொடுத்தால் பெற்றோருக்குக் கவலை மட்டும்தான் மிஞ்சும்.

பணத்தை யாருக்குக் கொடுப்பது?

வங்கி இந்தப் பள்ளிகளை ஏறெடுத்துப் பார்க்காது. அடமானம் வைக்கச் சொத்து இல்லை, ஒழுங்கான கணக்குப் புத்தகமும் இல்லை. எனவே பணம் கிடைத்தால் பள்ளி உரிமையாளர்கள் என்ன செய்வார்கள் என்பதை லீப்ஸ் ஆய்வாளர்கள் ஃபைசலாபாத் மாவட்டத்தில் 266 கிராமங்களில் சோதித்தார்கள். நிபந்தனை ஏதுமின்றிப் பள்ளிக்கு 50,000 ரூபாய். சில ஊர்களில் ஒரே ஒரு தனியார் பள்ளிக்கு மட்டும். வேறு சில ஊர்களில் எல்லாத் தனியார் பள்ளிகளுக்கும்.

ஒற்றைப் பள்ளி பணம் வாங்கிய ஊர்களில் அந்தப் பள்ளிக்குச் சராசரியாக 22 பிள்ளைகள் கூடினார்கள். கற்றலில் மாற்றம் இல்லை. எல்லாப் பள்ளிகளும் வாங்கிய ஊர்களில் பிள்ளைகள் அந்த அளவுக்குக் கூடவில்லை, ஆனால் தேர்வு மதிப்பெண் உயர்ந்தது, ஆசிரியைகளின் சம்பளமும் உயர்ந்தது. ஏன் இந்த வித்தியாசம்? தனியாகப் பணம் பெற்றவருக்கு இன்னும் இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டால் போதும், பக்கத்துப் பள்ளியின் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். எல்லோரும் பெஞ்சு வாங்கினால் கட்டணப் போட்டியில் எல்லோரும் நஷ்டப்படுவார்கள். ஆகவே தரத்தில் செலவழிப்பதே லாபமான வழி ஆகிறது. முதலீட்டாளரின் கண்ணுக்கு ஒற்றைப் பள்ளிக்குக் கொடுப்பதே கவர்ச்சி. ஊருக்கு நல்லது எல்லோருக்கும் கொடுப்பது. தனியார் கடன் நிறுவனம் தானாக இரண்டாவது வழியில் போகாது. அரசு புகவேண்டிய இடம் இது.

பஞ்சாப் அரசு வேறொரு வழியிலும் புகுந்தது. பஞ்சாப் கல்வி அறக்கட்டளை 2005 முதல் தேர்ந்தெடுத்த மலிவுத் தனியார் பள்ளிகளுக்குப் பிள்ளைக்கு இவ்வளவு என்று மாத மானியம் கொடுக்கிறது. பள்ளி பெற்றோரிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது. அறக்கட்டளை நடத்தும் தரத் தேர்வில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 40 சதவீத மதிப்பெண் எடுக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் மானியம் நிற்கும். இந்த ஏற்பாட்டின் பலம் அதன் எளிமை: கோடைக்கால ஃபீஸ் சண்டையும் அறுவடைக்கால பாக்கியும் ஒரே அடியில் தீர்கின்றன. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. வரவு முழுவதும் ஒரே கையிலிருந்து வருகிறது. மானியத் தொகை விலைவாசியோடு ஏறாவிட்டால் உரிமையாளருக்குக் கைவைக்க ஓரிடம்தான் உண்டு, ஆசிரியையின் சம்பளம்.

எந்தப் பிள்ளை வெளியே நிற்கிறது?

கட்டணம் என்று ஒன்று இருக்கும்வரை குடும்பத்துக்குள்ளேயே ஒரு தேர்வு நடக்கும். மூன்று பிள்ளைகள், ஒருவருக்குத்தான் ஃபீஸ் கட்ட முடியும் என்றால், கெட்டிக்காரப் பிள்ளை என்று பெற்றோர் நினைப்பவர் தனியார் பள்ளிக்கு, மற்றவர்கள் அரசுப் பள்ளிக்கு அல்லது வீட்டில். ஆறு வயதில் செய்யப்படும் இந்தத் தீர்ப்பைப் பிறகு யாரும் மாற்றுவதில்லை. தூரமும் சேர்ந்துகொள்கிறது. தனியார் பள்ளிகள் ஊர் நடுவில், வசதியுள்ளோர் குடியிருப்பில் அமைகின்றன. வெளிக் குடியிருப்பிலிருந்து பெண் பிள்ளை வேற்றுச் சாதியார் தெருவைக் கடந்து வரவேண்டும். சில நூறு மீட்டர் தூரமே பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடும்.

சிந்து மாகாணத்தில் பள்ளியே இல்லாத குடியிருப்புகளை எடுத்து, தனியாருக்குப் பிள்ளைக்கு மாதம் 350 ரூபாய் கொடுத்து இலவசப் பள்ளி திறக்கச் சொன்னபோது, அந்தக் கிராமங்களில் பள்ளி செல்லும் பிள்ளைகளின் விகிதம் ஏறத்தாழ 30 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. சில கிராமங்களில் பெண் பிள்ளைக்கு 450 ரூபாய் என்று கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் பெண் பிள்ளைகள் கூடுதலாக வரவில்லை. பள்ளி பக்கத்தில் இருந்ததே ஆண், பெண் இருவரையும் ஒரே அளவில் கொண்டுவந்துவிட்டது.

ஆனால் மானியம் கொடுத்தால் எங்கும் பள்ளி முளைக்கும் என்று எண்ணிவிட முடியாது. 1990களின் நடுவில் பலூசிஸ்தானில் பெண் பிள்ளைகளுக்காக இதே போன்றதொரு திட்டம் போடப்பட்டது. குவெட்டா நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் பள்ளிகள் திறந்தன, பெண் பிள்ளைகள் பெருமளவில் சேர்ந்தார்கள், மானியம் முடிந்த பிறகும் பல பள்ளிகள் தொடர்ந்தன. அதே திட்டத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனபோது பெரும்பாலான பள்ளிகள் நிலைக்கவில்லை. அங்கே பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு, பெற்றோர் கையில் காசு குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, கற்பிக்க உள்ளூரில் படித்த பெண் கிடைக்கவில்லை.